லூர்துசாமி போட்ட தளம்

செய்தி வந்தபோது திண்டிவனம் பேருந்து நிலையத்தில் புதுச்சேரி வண்டிக்காக நின்றிருந்தேன். செல்விதான் போன் செய்தார். எங்களோடு சித்தாளாக வேலை பார்த்தவர். வழக்கமாக "சார், வேலை இருக்குதா?" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். அன்று அந்தக் கேள்வி இல்லை.

"லூர்து அண்ணன் செத்துட்டாரு சார். வானூர்ல, சைட்டுலயே. நெஞ்ச அடைக்குதுன்னு மணல் மேல உக்காந்தாராம். சோடா வாங்கியார ஆளு ஓடியிருக்கு. வர்றதுக்குள்ள முடிஞ்சிச்சாம்."

முகையூர்ப் பக்கத்து லூர்துசாமி மேஸ்திரிக்கு நாற்பத்தாறு வயது. இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அவரோடு சட்டி தூக்கியவர்கள், கம்பி கட்டியவர்கள், கலவை போட்டவர்கள். உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர் செத்த அந்த இரண்டு நாட்களில் என்னிடம் விசாரித்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்ட கேள்வி, "குடிப்பாரா?" என்பதுதான். கட்டிட வேலைக்காரன் செத்தால் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு எல்லாரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். குடித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். அதனால் சாகவில்லை. சித்திரை வெயிலில் தண்ணீர்கூட நிழலில் இல்லாத ஒரு சைட்டில் செத்தார்.

அவரை நான் சந்தித்தது ஆறு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழையில். விழுப்புரத்தில் வேதியியல் பட்டம் வாங்கிவிட்டு இரண்டு வருடம் சும்மா இருந்தவன் நான். படித்த பாடத்துக்கு இந்தப் பக்கம் வேலை இல்லை. ஓர் ஒப்பந்தக்காரரிடம் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். திண்டிவனத்தை அடுத்த ஒரு காலனியில் அங்கன்வாடிக் கட்டிடம். சுவர் எழும்பி, சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கூரைக்குத் தளம் போட வேண்டிய நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. பலகைகளும் முட்டுகளும் அடுத்த சைட்டுக்குப் போக வேண்டும். மூன்றாம் நாளே பிரித்தாக வேண்டும் என்றார் ஒப்பந்தக்காரர். சிமெண்டு அப்படி மூன்று நாளில் இறுகாது. அதற்கு வழி செய்கிறேன் என்று நான்கு மூட்டைகளை அனுப்பினார். அவருடைய மச்சான் நடத்திய ஐஸ் கம்பெனிக்கு வந்த மூட்டைகள் அவை.

உள்ளே வெள்ளைச் செதில்கள். கால்சியம் குளோரைடு. ஒப்பந்தக்காரர் போனில் சொன்னார், நான் லூர்துசாமியிடம் "பிரிங்கண்ணே" என்றேன். வாளித் தண்ணீரில் ஒரு சட்டி செதிலைக் கொட்டிக் கையை விட்டுக் கலக்கினார். அடுத்த நொடி கையை உதறினார்.

"என்னா சார் இது, அடுப்பே இல்லாம கொதிக்குது!"

சுற்றி நின்ற பதிமூன்று பேரும் வந்து வாளியைத் தொட்டுப் பார்த்தார்கள். நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் வெந்நீர் கிடைத்த சந்தோஷத்தில் கை கால் கழுவினார்கள். செல்விக்கு மறுநாள் விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்தது. அன்றிலிருந்து அதற்குச் சூட்டு உப்பு என்று பெயர்.

சாப்பாட்டு நேரத்தில் லூர்துசாமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆட்கள் முன்னால் 'சார்', தனியாக இருந்தால் 'தம்பி'. அது அவர் கணக்கு.

"தம்பி, சாப்பாட்டு உப்பு தண்ணியில போட்டா சுடலியே. இது மட்டும் ஏன் சுடுது?"

கல்லூரியில் மூன்று வருடத்தில் என்னிடம் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. டைல்ஸ் கறை போக ஆசிட் ஊற்றினால் சிமெண்டு நுரைக்குமே, அந்த நுரை அடங்கியபின் தண்ணீரில் கரைந்து மிஞ்சுவதில் பெரும்பகுதி இதுதான் என்றேன். சுண்ணாம்பும் ஆசிடும் சேர்ந்து பெற்ற பிள்ளை. ஒரு பங்கு கால்சியம், இரண்டு பங்கு குளோரின். இதற்குத் தண்ணீர் மேல் அப்படி ஒரு ஆசை. தண்ணீரில் போட்டதும் இரண்டும் பிரிந்து, ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றித் தண்ணீரை இழுத்துக் கட்டிக்கொள்ளும். அந்தக் கட்டிக்கொள்ளலில் வெளியே வருகிற சூடுதான் வாளியில் தெரிகிறது. சாப்பாட்டு உப்புக்கு அவ்வளவு ஆசை கிடையாது. வாளியில் தண்ணீர் இல்லாவிட்டாலும் இது விடாது, காற்றில் இருக்கிற ஈரத்தையே குடிக்கும். திறந்து வைத்தால் தானே கரைந்து ஓடிவிடும்.

"ஐஸ் கம்பெனியில எதுக்கு இது?"

"இது கரைஞ்ச தண்ணி லேசுல உறையாதுண்ணே. ஐஸ் டப்பாவச் சுத்தி அந்தத் தண்ணிதான் நிக்கும். அது தண்ணியாவே இருந்துக்கினு டப்பாவுக்குள்ள இருக்கறத ஐஸாக்கிடும்."

"கொதிக்கவும் வெக்கும், உறையவும் வெக்கும். கட்சிக்காரன் மாதிரி" என்றார் அவர். எல்லாரும் சிரித்தோம்.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. கம்பி உள்ள கான்கிரீட்டில் இந்த உப்பைப் போடக் கூடாது. போட்டால் கலவை சீக்கிரம் இறுகும், உண்மைதான். ஆனால் உள்ளே இருக்கிற இரும்பை அது தின்னும். இது எனக்குத் தெரியும். யாரும் சொல்லித் தெரிய வேண்டிய நிலையில் நான் இல்லை. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வாயை மூடிக்கொண்டேன். கலவை விறுவிறுவென்று இறுகியது. "ஜல்தி ஜல்தி" என்று கத்திக்கொண்டே ஓடினார்கள். கை சுட்டால் வலு கூடுகிறது என்று அவர்களாக நினைத்துக்கொண்டு, சொன்ன அளவைவிட ஒரு சட்டி கூடவே போட்டார்கள். அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மீந்த அரை மூட்டையை, மழை ஓய்ந்து தையில் வந்த திருவிழாவுக்காக லூர்துசாமி ஊருக்கு எடுத்துப் போனார். அவர் ஊரில் மாதா கோயில் தேர் பெரிய தெருவில் மட்டும் போகும், அவர்கள் தெருவுக்குள் வராது. சாமி ஒன்றுதான், பூசை ஒன்றுதான், தேருக்கு மட்டும் எந்தத் தெரு யாருடையது என்று தெரிந்திருந்தது. அதனால் அவர்கள் தனியாக ஒரு சிறிய சப்பரம் வைத்திருந்தார்கள். பெரிய தெருவில் சிமெண்டு சாலை. இவர்கள் தெருவில் மண். சப்பரம் போனால் புழுதி எழும்பி மாதா முகமே தெரியாது. காற்றின் ஈரத்தைக் குடிக்கிற உப்பு புழுதியை அடக்காதா என்று அவருக்கு ஒரு யோசனை. முதல் நாளே தெரு முழுக்க இரும்புச் சட்டியில் அள்ளி அள்ளித் தூவிவிட்டார்.

அது வேலை செய்தது. என்னிடமிருந்த பட்டத்தைவிட அவருடைய யோசனை நன்றாக வேலை செய்தது. மறுநாள் மாலை தெரு ஈரம் பூசினாற்போல் கிடந்தது. ஒரு தூசி எழவில்லை. ஆனால் நேர்த்திக்கடனுக்கு எல்லாரும் வெறுங்காலோடு வந்திருந்தார்கள். நிலக்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, பிடுங்கி வெடித்த குதிகால்கள். பாதித் தெரு போவதற்குள் பெண்கள் குதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர் மனைவி மரியம்மாள் ஜெபமாலையை நிறுத்திவிட்டுக் கேட்டாராம்:

"யோவ், மாதாவுக்குப் புழுதி படக் கூடாதுன்னு எங்க காலுல நெருப்ப வெச்சிட்டியே! உனக்கு யாருய்யா இந்த யோசனய குடுத்தது?"

"எங்க சூப்பர்வைசர் சாருதான். பி.எஸ்ஸி."

"அந்த பி.எஸ்ஸிய செருப்பில்லாம வரச் சொல்லு, பார்க்கலாம்!"

இதை அவர் சைட்டில் நடித்தே காட்டினார். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டோம். சிரித்து முடித்தபின், பையிலிருந்து அந்த இரும்புச் சட்டியை எடுத்தார். உப்புத் தூவியபின் கழுவாமல் மூலையில் போட்டிருக்கிறார். ஒன்றரை மாதம். அடிப்பக்கம் செதில் செதிலாக உரிந்து, விரல் நுழைகிற ஓட்டை.

"பத்து வருசம் ஓடின சட்டி தம்பி. ஒன்றர மாசத்துல இப்டி. இது இரும்ப என்னா பண்ணுது?"

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டுதான் கேட்டார். அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. சிமெண்டுக்குள் இருக்கிற கம்பியின்மேல் மெல்லிய காப்பு ஒன்று இருக்கும், அதனால் துரு பிடிக்காது, குளோரைடு அந்தக் காப்பைக் கிழித்துவிடும் என்றேன். துரு பிடித்தால் கம்பி ஊதும், ஊதினால் கான்கிரீட் வெடித்துக் கீழே விழும். ஒருமுறை வேலை செய்து தீர்ந்துபோகிற பொருளும் இல்லை அது. உள்ளேயே இருந்துகொண்டு திரும்பத் திரும்பத் தின்னும்.

"அப்ப நாம போட்ட தளம்?"

நான் சட்டியின் ஓட்டையையே பார்த்தேன்.

"உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்ணே."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "கீழ புள்ளைங்க தூங்கும்யா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் வந்து ஒரு மனு எழுதித் தரச் சொன்னார். தளத்தை இடித்துவிட்டு மறுபடி போட வேண்டும். அவ்வளவுதான் கோரிக்கை. இடிக்கவும் போடவும் கூலி இல்லாமல் தானே வருவதாகவும் எழுதச் சொன்னார். "நாம சொன்னா யாருண்ணே கேக்கப் போறாங்க, வேலைதான் போவும்" என்றேன். "போவட்டும்" என்றார். எழுதினேன். காப்புப் படலம், குளோரைடு, எல்லாவற்றையும் நேர்த்தியாக எழுதினேன். கீழே அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். நான் அதை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஆறு வருடத்தில் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமைதோறும் விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மனுவோடு பேருந்தில் போகும்போதெல்லாம் "கால்சியம் குளோரைடு, கால்சியம் குளோரைடு" என்று சொல்லிப் பழகிக்கொண்டே போவார். "சூட்டு உப்புன்னு சொன்னா சிரிக்கிறானுங்க தம்பி. இங்கிலீசுல சொன்னா உக்கார சொல்றானுங்க" என்பார். ஒரு பொறியாளர் ஆய்வுக்கு வந்தார். தளத்தைப் பார்க்க ஏணி இல்லை. அதனால் சுவரைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார்.

"சார், தளம் மேல இருக்குதுங்க" என்றார் லூர்துசாமி.

"எனக்கு நீ சொல்லித் தர்றியா? நீ என்னா கெமிஸ்ட்ரி படிச்சவனா?"

"படிச்சவங்க பேசாம இருக்காங்க சார். நான் கைய வுட்டுக் கலந்தவன்."

படித்தவன் யார் என்று அவர் அங்கே சொல்லவில்லை. நான் அவருக்கு இரண்டடி பின்னால் நின்றிருந்தேன்.

'கட்டிடம் நல்ல நிலையில் உள்ளது' என்று பதில் வந்தது. என்னைப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டார். "இத்த எழுதினவரு தன் புள்ளய இட்டாந்து அங்க தூங்க வெப்பாரா?" என்றார். அந்த வாரமே ஒப்பந்தக்காரர் அவரை நிறுத்தினார். சொல்லி வைத்தாற்போல் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை ஒருவரும் கூப்பிடவில்லை. கண்டமங்கலம், வானூர், புதுச்சேரி என்று கிடைத்த இடத்துக்கெல்லாம் விடியற்காலைப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தார். திங்கட்கிழமைகளில் மட்டும் வேலையை விட்டுவிட்டு மனுவோடு ஆட்சியர் அலுவலகம். எனக்கு வேலை போகவில்லை. சம்பளம்கூட ஏறியது.

அந்த அங்கன்வாடியில் பணியாளராக இருக்கும் சாந்தியிடம் அவரே போய்ப் பேசியிருக்கிறார். "தங்கச்சி, நான் போட்ட தளம். நானே சொல்றேன். புள்ளைங்கள கீழ படுக்க வெக்காத." ஒரு மேஸ்திரி தான் கட்டிய கட்டிடத்தைப் பற்றி அப்படிச் சொல்லி சாந்தி கேட்டதில்லை. அதனாலேயே நம்பினார். பிள்ளைகளை வெளியே வேப்பமரத்தடியில் பாய் போட்டுத் தூங்க வைத்தார். அரசு கட்டிடம் இருக்கும்போது ஏன் மரத்தடியில் என்று விளக்கம் கேட்டு அவருக்குத் தாள் வந்தது. அதற்கும் பதில் நான்தான் எழுதிக் கொடுத்தேன். எழுதுவதில் எனக்கு ஒருபோதும் பயம் இருந்ததில்லை, கையெழுத்தில்தான்.

போன வருடம் ஒரு மத்தியானம் முறம் அளவுக்குத் தளம் பெயர்ந்து கீழே விழுந்தது. பிள்ளைகள் மரத்தடியில் இருந்தார்கள். மேலே பார்த்தால் கம்பி கருவாட்டு முள் மாதிரி மெலிந்து தெரிந்தது. லூர்துசாமி ஓடி வந்தார். இனி இடித்துவிடுவார்கள் என்று அவருக்குச் சந்தோஷம். பத்து நாளில் ஆட்கள் வந்து விழுந்த இடத்தில் சிமெண்டு பூசி, அதன்மேல் பெயிண்ட் அடித்து, முயல் ஒன்றும் அணில் ஒன்றும் வரைந்துவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்துவிட்டு அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "அழகா இருக்குது" என்றார். அந்த ஒரு நாள்தான் அவர் களைத்துப் பார்த்தேன். அடுத்த திங்கட்கிழமை மறுபடி போனார்.

அடக்கத்தன்று அவர் தெருவில் நின்றிருந்தேன். பெட்டியைப் பெரிய தெரு வழியாகக் கொண்டுபோகலாமா என்று நான்கு பேர் ஒரு மூலையில் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சுற்றுவழியில் வயல் ஓரமாகவே போனோம். செத்தவனுக்கும் தெரு உண்டு. மரியம்மாள் என்னைப் பார்த்து, "நீதான் அந்த பி.எஸ்ஸியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "உன்னப் பத்தி நெறைய சொல்லுவாரு. நல்லா படிச்ச பையன்னு" என்றார். லூர்துசாமி வேறெதுவும் மனைவியிடம் சொல்லியிருக்கவில்லை.

சாந்தியும் வந்திருந்தார். கல்லறையிலிருந்து திரும்பும்போது என் கூடவே நடந்தார்.

"சார், ஜூன்லேர்ந்து புள்ளைங்கள உள்ளதான் வெக்கணுமாம். பூசியாச்சு, பெயிண்ட் அடிச்சாச்சு, இனிமே மரத்தடியில பார்த்தா வேலைய வுட்டு எடுத்துடுவேன்னு ஆபீசர் அம்மா போன்ல சொல்லிட்டாங்க. ஒரே பேஜாரா இருக்குது. லூர்து அண்ணன் இருந்தா திங்கக்கிழம போவாரு."

நான் அங்கே எதையும் வாக்குக் கொடுக்கவில்லை. அவர் மூச்சு இருந்த காலத்தில் செய்யாததைச் செத்தபின் செய்வது பெருமைப்பட வேண்டிய காரியமும் இல்லை. அந்தத் தளம் இடிபடும் என்ற நம்பிக்கையும் எனக்கு அதிகம் இல்லை. குளோரைடு மட்டும் விடுமுறை எடுக்காமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய திங்கட்கிழமையை. அதை எடுத்துக்கொள்ள வேறு ஆள் வரவில்லை.

போன திங்கட்கிழமை போனேன். வரிசை மதில் வரை இருந்தது. மூன்று மணி நேரம். மனுப் பதிவு செய்கிறவர் முதல் வரியைப் படித்ததும் நிமிர்ந்தார்.

"அங்கன்வாடி மனுவா? லூர்துசாமி வரலியா?"

"இறந்துட்டாருங்க."

அவர் விரல் விசைப்பலகைமேல் அப்படியே இருந்தது. "அதான் ரெண்டு வாரமா ஆளக் காணோமேன்னு பார்த்தேன்" என்றார். பின்னால் நின்றவர் நகரச் சொல்லி முனகினார். அவர் குனிந்து தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். பெயர் கேட்டார், சொன்னேன். ஊர் கேட்டார், சொன்னேன்.

"உங்களுக்கும் அந்தக் கட்டிடத்துக்கும் என்னாங்க சம்பந்தம்?"

"நான்தான் சூப்பர்வைசர். அந்த உப்பு போட்டா கம்பி போவும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் மூட்டையப் பிரிக்கச் சொன்னேன்."

அவர் தட்டச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இத்தயுமா எழுதணும்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எழுதுங்க" என்றேன்.